நாலாவது அத்தியாயத்தில் இருந்தவர்கள்

போன ஞாயிறு காலை, பக்கத்து வீட்டு ரங்கநாதன் மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். பல வருஷ இழுபறிக்குப் பிறகு பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம். மல்லேஸ்வரத்தில் பாதிப் பேருக்கு விநியோகம் முடிந்துவிட்டது. முகம் மட்டும் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி.

"எடுத்துக்கோங்கோ சார்," என்றார். எடுக்காவிட்டால் தேவலை என்கிற குரல்.

காரணம் எனக்குத் தெரியும். அதாவது, தெரியும் என்று நினைத்திருந்தேன்...

ரங்கநாதன் காலேஜ் லெக்சரர். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அங்கே இருந்தவர்கள் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். விடியுமுன் கிளம்பி, இருட்டின பிறகு வீடு. ஏன் இந்த அவஸ்தை? குடும்பத்தோடு இங்கேயே வந்துவிட வேண்டியதுதானே?

வந்துவிடுவார்கள் என்றுதான் அவருடைய பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. வேலை எங்கேயோ, ஆள் அங்கே. கூடவே 'மற்றவை மாறாதிருந்தால்' என்று ஒரு வால். நான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பொருளாதாரம் படித்தவன். மற்றவை எப்போது மாறாமல் இருந்தன என்று கேட்கத் தோன்றும். கேட்பதில்லை.

"வராதவங்களை என்ன செய்வீங்க?" என்றேன் அப்போது.

"கணக்குல ஒரு எழுத்து போட்டு அதுக்குள்ள தள்ளிடுவோம் சார்."

"அவங்களையே கேட்டா?"

சிரித்தார். அவர்கள் தொழிலில் அது வழக்கமில்லையாம். ஆள் வாயால் சொல்வது சாட்சி ஆகாது, செய்வதுதான் சாட்சி. எனக்கோ நாலு பேர் பேசுவதைக் கேட்காவிட்டால் காபி இறங்காது. விடாமல் நச்சரித்தேன். ஒரு சாயங்காலம் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இருவரும் தங்கவயல் ரயிலில் ஏறினோம்.

உட்கார இடமில்லை. முழங்கால்களுக்கு நடுவே துண்டை விரித்து சீட்டாட்டம். வைட்ஃபீல்டில் ஒருவர் ஏறினார். அவருக்காக ஒரு கை சீட்டு அதுவரை காத்திருந்தது. பெயர் அருள்தாஸ் – முன்னாள் சுரங்கத் தொழிலாளி, இப்போது ஓர் அபார்ட்மென்டில் செக்யூரிட்டி.

ஏன் பெங்களூருக்கே குடி வந்துவிடவில்லை என்று ரங்கநாதன் அவரிடம் கேட்டார்.

"ஊடு கீதே சார். கம்பெனி குவார்ட்டர்ஸ். பூட்டிகினு வந்துட்டா அப்பால அது யார்துன்னு யாரு கண்டா? என்னைக்காவது எங்க பேருக்கு எழுதித் தருவாங்கன்னு குந்திகினு கீறோம்."

"அதெல்லாம் இல்ல சார்," என்றார் எதிரே இருந்தவர், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "பெங்களூருக்கு வந்தா சீக்கிரமே ஊட்டுக்குப் போவணும். சம்சாரம் கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லணும். ரயில்ல இருக்கிற வரைக்கும் தப்பிச்சாரு."

"நீ சீட்டப் போடுறா."

சிரிப்பு அடங்கியதும் அருள்தாஸ் மெதுவாகக் கேட்டார்: "எழுதித் தருவாங்களா சார்?"

ரங்கநாதனின் பேனா நின்றது. தன்னை சர்க்கார் ஆள் என்று நினைத்துவிட்டார்களோ? இல்லை, காலேஜ் வாத்தியார்தான் என்று விளக்கினார். "சரிங்க சார்," என்றார்கள், மரியாதையாக. நம்பிய மாதிரி தெரியவில்லை.

அதன்பிறகு அவர் தனியாகவே பல மாதம் அதே ரயிலில் போய்வந்தார். கேட்டதையெல்லாம் எழுதினார். தன்னை சர்க்கார் ஆள் என்று நினைத்து அவர்கள் பேசியிருக்கலாம் என்பதையும் எழுதினார். அதுதான் நாலாவது அத்தியாயம்.

ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர், அதாவது கைடு, படித்தார். "வீடு கிடைக்கும்னு நினைச்சுப் பேசியிருக்கலாம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இதை வச்சு என்ன நிரூபிக்க முடியும்? எடுத்துடுங்க. இல்லைன்னா வேற கைடு பாத்துக்குங்க."

ரங்கநாதனின் நண்பர் ஒருவர், இன்னொரு காலேஜில் பேராசிரியர். இந்தப் பாடப் புத்தகங்களுக்கு ஜென்ம விரோதி. அவரிடம் ஓடினார்.

"எடுக்காதே ரங்கா. அவங்க மூக்கை உடைக்க இதுதான் வேணும். அந்த சர்க்கார் ஆள் சமாசாரத்தை மட்டும் எடுத்துடு. நம்ம வாதம் வீக்காயிடும்."

"நீ ஒரு தடவை ரயில்ல வந்து பாக்கறியா?"

"நான் எதுக்கு?"

பாருங்கள்... ஒருவருக்கு அத்தியாயமே வேண்டாம். இன்னொருவருக்கு அதிலிருந்த நேர்மை வேண்டாம்.

பட்டம் இல்லாவிட்டால் பிரமோஷன் இல்லை. வீட்டில் மனைவி லலிதா வேறு: "எதை எடுக்கணுமோ எடுங்கோ. முதல்ல டைனிங் டேபிள் மேலேர்ந்து அந்தப் பேப்பரை எடுங்கோ. இந்த வீட்ல உக்காந்து சாப்பிட்டு யுகமாச்சு."

எடுத்துவிட்டார். ஒரு பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், அடிக்குறிப்பு மட்டும் மிச்சம்: 'சிலர் பழைய குடியிருப்புகளை விட்டு வர விரும்பவில்லை.' பட்டம் வந்தது.

இதுவரை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சொன்னது மீதி.

வெள்ளிக்கிழமை மைசூர்பாகோடு அந்த ரயிலுக்கும் போயிருக்கிறார். "பாஸா சார்?" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம் அருள்தாஸ். "எங்க கதை புக்குல வந்துச்சா?"

"வந்திருக்கு," என்றிருக்கிறார் ரங்கநாதன். அடிக்குறிப்பும் புக்கில்தானே இருக்கிறது? அப்புறம் மனசு கேட்காமல்: "அன்னிக்கு என்னை சர்க்கார் ஆள்னுதானே நினைச்சீங்க?"

"உங்களையா?" பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்களாம். "கவர்மெண்டு ஆளு டிக்கெட் எடுத்துகினு எங்க கூட நின்னுகினு வருவானா சார்? மொத நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் வீட்டை எழுதித் தருவாங்களான்னு கேட்டீங்க?"

"யார் வந்தாலும் கேட்டு வெப்போம் சார். நீங்க எழுதிகினு இருந்தீங்க. எழுதினா யாராச்சும் படிப்பாங்கன்னு..."

இதைச் சொல்லிவிட்டு ரங்கநாதன் டப்பாவை மூடினார். "தப்பா நினைச்சது நான்தான் சார். அதைக் காட்டித்தான் கைடு எடுக்கச் சொன்னார்."

"இப்ப திரும்பச் சேர்க்க முடியாதா?"

"பைண்டிங் ஆயிடுத்து."

ஆளைக் கேட்காமலே அவன் மனசைக் கணக்குப் போடுகிறவர்கள் ஒரு கட்சி. ஆளைக் கேட்காமலே அவனுக்காகச் சண்டை போடுகிறவர்கள் எதிர்க்கட்சி. கருத்தரங்கு முடிந்ததும் இரண்டு கட்சியும் ஒரே மேஜையில் காபி குடிக்கும். ரயில் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இந்தச் சண்டையில் யார் பக்கம் நான் என்று கேட்டால்... அலுப்பாக இருக்கிறது.

அதனால் இந்த வாரம் இந்தப் பத்தியில் என் இடம் அருள்தாஸுக்கு. அவர் கேட்டது இது: தங்கவயலில் அந்த வீடுகளை, அதில் இருப்பவர்கள் பேருக்கே எழுதித் தருவார்களா?

பதில் எனக்குத் தெரியாது. யாராவது படிப்பார்கள் என்றார் – நீங்கள் படித்துவிட்டீர்கள்.