நிறுத்திய பிறகு ஏறிய முள்

மதியம் பன்னிரண்டே முக்கால். எங்கள் மேட்டுக்காட்டில் ரோட்டாவேட்டர் பூட்டி உழுது முடித்த மகள், டிராக்டரைத் தகரக் கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். நிறுத்திய கையோடு எஞ்சினையும் அணைத்தாள். அவள் அந்த வண்டியிலிருந்து கீழே இறங்கும்வரை நான் சமையலறை ஜன்னலை விட்டு நகர்வதில்லை. அன்றும் அங்கேதான் நின்றிருந்தேன். இறங்கிவிட்டாள், இனிப் பயமில்லை என்று திரும்பியபோது கொட்டகையிலிருந்து பானை பொங்குவது போன்ற சத்தம் வந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். அணைத்த எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் மூடியைச் சுற்றி ஆவி சீறியது.

பக்கத்து வீட்டிலிருந்து என் கணவரின் அண்ணன் துண்டோடு வந்தார். மூடியைத் திறக்கப் போனார்.

"பெரியப்பா, தொடாதீங்க! ஓடும்போது சூடு காட்டுற முள்ளு நடுவுலதான் நின்னுச்சு. நிறுத்துன பொறவுதான் ஏறுது."

"நின்ன வண்டி எப்படி கண்ணு சூடாகும்? தண்ணி பாக்காம ஓட்டிப்போட்டு எனக்குக் கதை சொல்றயா?"

துண்டை மூடிமேல் போட்டுத் திருகினார். மகள் அவர் கையைத் தள்ளிவிடக் குறுக்கே பாய்ந்தாள். மூடி பறந்தது. அவருக்கு வேட்டி நனைந்தது, அவ்வளவுதான். கொதிநீர் முழுவதும் விழுந்தது என் மகளின் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. அந்த அலறலை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

காரமடை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு நாங்கள் திரும்பியபோது, அவர் வாசலில் இருவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பொம்பளப்புள்ள ஓட்டுனா இப்படித்தானுங்க. புள்ளைக்கும் சூடு, வண்டிக்கும் சூடு." சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க அம்மணி, கை எப்படி இருக்குதுங்க?" என்றார்கள். எங்கள் பக்கத்தில் அவமானப்படுத்துவதும் 'ங்க' போட்டுத்தான். அதனால் பதிலுக்குக் கத்துகிறவள்தான் மரியாதை கெட்டவளாகிறாள். கத்தினேன். கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

மெக்கானிக்குக்கு போன் செய்தேன். வண்டியைப் பார்க்காமலே, "ஹெட் கேஸ்கெட் போயிருக்குமுங்க, எஞ்சினைப் பிரிக்கோணும்" என்றார். அடுத்து, "யாருங்க ஓட்டுனது? பொண்ணுங்களா? அப்ப அதானுங்க" என்றார். வர இரண்டு நாளாகும் என்றும் சொன்னார்.

மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகாமல், நிலத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்தவள். இந்த விதைப்புப் பட்டம் முழுக்க உழவு உன் பொறுப்பு, பார்க்கலாம் என்று அவள் அப்பா சாவியைக் கொடுத்திருந்தார். இப்போது அந்தச் சாவி போய்விடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கைவலியைவிட அதற்குத்தான் அவள் தூங்கவில்லை.

மறுநாள் காலை, "அம்மா, நீ வந்து முள்ளை மட்டும் பாரு" என்றாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. தண்ணீர் நிரப்பி, இடது கையை நம்பி அரை ஏக்கர் உழுதாள். கொட்டகைக்கு வந்ததும் உடனே அணைக்காமல் வெறுமனே ஓடவிட்டாள். சிறிது நேரம் கழித்து அணைத்தாள். முள் நடுவிலேயே நின்றது. மறுபடி உழுதாள். இந்தமுறை வந்து நின்றதும் அணைத்தாள். சத்தமே இல்லாத எஞ்சினில் முள் மட்டும் மெல்ல மெல்லச் சிவப்புக்குள் போவதை என் கண்ணால் பார்த்தேன்.

"ஓடும்போது பம்பு தண்ணியச் சுத்த விடுது, ஃபேன் ஆத்துது. அணைச்சா ரெண்டும் நின்னுரும்மா. இரும்புல ஏறுன சூடு அந்தத் தண்ணிக்குத்தான போகோணும்?"

நன்றாக ஆறிய பிறகு அவளே மூடியைத் திறந்து காட்டினாள். உள்வாயில், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது போல வெள்ளையாக உப்பு. வருடக்கணக்காக நாங்கள் ஊற்றிய போர்வெல் தண்ணீர். மூடியின் ரப்பர் விரலால் தொட்டதும் உதிர்ந்தது. "இந்த உப்பு சூட்டை வெளிய விடாது, இந்த ரப்பர் ஆவியை அடக்காது. அதான் கொதிக்குது" என்றாள்.

எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை. வண்டி நின்ற நொடியே எஞ்சினை அணைக்கவேண்டும், டீசல் சும்மா எரியக்கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிறேன். அந்தச் சட்டத்தைப் போட்ட ஆண்களில் ஒருவர்கூட என் மகள் அளவுக்கு அதை ஒழுங்காகக் கடைப்பிடித்ததில்லை. அவர்கள் வண்டியை ஓடவிட்டபடியே அரைமணி நேரம் பேசுவார்கள். அதனால்தான் அவர்கள் கையில் அது கொதிக்கவில்லை. சொன்னபடி கேட்டவள் கையில் கொதித்தது. பழியும் அவளுக்கு, புண்ணும் அவளுக்கு.

பெரியப்பாவை அழைத்து அவர் எதிரிலும் ஒருமுறை உழுது, சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்துக் காட்டினாள்; முள் ஏறவில்லை. முள்ளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "இன்னைக்கு வெயிலு கம்மி கண்ணு" என்றார்.

முந்தின நாள் காலையிலேயே கொடுமுடியில் ஒரு காரியத்துக்குப் போயிருந்த கணவர் சாயங்காலம்தான் வந்துசேர்ந்தார். மகளின் கட்டைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியது, அதை மறைக்க மாட்டேன். அவள் உப்பைக் காட்டினாள், ரப்பரைக் காட்டினாள், முள் ஏறியதை முதலிலிருந்து சொன்னாள். நடுவில் ஒரு வார்த்தைகூடக் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார். பிறகு அவள் தலையைத் தடவியபடி சொன்னார்:

"நீ சொல்றது அத்தனையும் சரிதான் கண்ணு. பட்டம் முடியற வரைக்கும் உழவுக்கு ஒரு டிரைவருக்குச் சொல்லிப்போட்டேன். காலையில வந்துருவான்."