துள்ளுகிற எடை

எங்கள் எடைமேடைக்குப் புதுத் திரை வந்த அன்று முதலாளி அதற்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார். சந்தனப் பொட்டை நட்டநடுவில் வைத்துவிட்டதால் எடை தெரியவில்லை. என் துண்டை நனைத்து நான்தான் துடைத்தேன். துடைத்த பிறகு தெரிந்ததற்குப் பொட்டே தேவலை.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற சாலையில் லாரியும் டிராக்டரும் ஏறி நின்று எடை பார்த்துவிட்டுப் போகிற மேடை அது. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எடைச் சீட்டு எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஐந்தாவதோடு என் படிப்பு முடிந்தது. புது ஆட்களிடம் பேச எனக்கு நாக்கு வராது. இந்த வேலையில் நான் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணமே, இதில் பேசுகிறவர் நான் இல்லை என்பதுதான். வண்டி மேடையில் ஏறியதும் எண் கொஞ்ச நேரம் ஆடும். சரக்குக்காரர் ஜன்னல் கட்டையில் கையை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்திருப்பார். ஆட்டம் நின்றதும் அவர்தான் "நின்னுச்சி" என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் நான் பொத்தானைத் தொட மாட்டேன். அவர் வாயால் வந்த எடை என்பதால் பிறகு யாரும் சண்டைக்கு வருவதில்லை. எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் காலத்திலும் இதுதான் வழக்கம்.

சனங்கள் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சின்னப் பெட்டியை. மேடையிலிருந்து வருகிற கம்பி அதில்தான் சேரும். மேசைமேல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். சிவப்பு எண் எரியும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வித்தை.

புதுத் திரையைச் செய்தவர் முதலாளியின் மருமகனுடைய சிநேகிதர். புதுச்சேரியில் சாஃப்ட்வேர் ஆபீஸ் வைத்திருந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"இப்ப புதுப்புது டூல்ஸ் வந்துகினே இருக்குதுண்ணே. ஒரு தடவ எழுதுனா போதும். வெப்லயும் ஓடும், டெஸ்க்டாப்லயும் ஓடும், போன்லயும் ஓடும். எல்லாத்துலயும் ரிச்சா இருக்கும்."

எதைக் காட்டினாலும் ரிச் என்றார். நீலத்தில் தொடங்கி ஊதாவில் முடிகிற பின்புறம் ரிச். தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி மூலை மழுங்கிய கட்டங்கள் ரிச். பொத்தானைத் தொட்டால் குளத்தில் கல் விழுந்த மாதிரி வட்டம் விரியும், அதுவும் ரிச். சீட்டு வருகிறவரை ஒரு பொம்மை லாரி திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. வெளியே நிஜ லாரி வெயிலில் நின்றுகொண்டிருக்க, உள்ளே பொம்மை லாரி ஓடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கம்ப்யூட்டர் நிரலில் சீட்டு இதற்குள் கைக்கு வந்திருக்கும்.

"இந்த டப்பா இன்னும் எதுக்குண்ணே மேல? லுக்கே போவுது" என்று பெட்டியைத் தூக்கி மேசைக்கு அடியில் என் கால் பக்கம் வைத்தார். திரையை ஜன்னல் பக்கம் திருப்பினார். முதலாளி தன் போனிலும் அது தெரிகிறதென்று கண்டுகொண்டார். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இலைக்குப் பக்கத்தில் போனை வைத்து எங்கள் எடையைக் காட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

வினையே எண்ணில்தான் இருந்தது. அது பெட்டியில் வருவதுபோலத் திரையில் வராது. பூஜ்யத்திலிருந்து விறுவிறுவென்று ஓடி வரும். வந்த வேகத்தில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகும். அங்கே ஒரு மூச்சு நிற்கும். பிறகு பின்வாங்கி வந்து சரியான இடத்தில் உட்காரும். பார்க்க அழகாகத்தான் இருந்தது, சந்தையில் விற்கிற ரப்பர் பந்து மாதிரி.

நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மல்லாட்டை அறுப்பு தொடங்கி வண்டிகள் வரிசை கட்டியபோது அந்த அழகு என் தலையில் விடிந்தது. எண் உச்சிக்குப் போய் ஒரு மூச்சு நிற்கிறதல்லவா, அந்த இடத்தில்தான் எல்லாரும் "நின்னுச்சி" என்றார்கள். நான் அமுக்கினேன். சீட்டில் வந்ததோ பின்வாங்கிய எண். அதுதான் உண்மையான எடை. ஆனால் கண்ணெதிரே இருபது கிலோ, முப்பது கிலோ காணாமல் போனால் எவன் பொறுப்பான்? காலி வண்டியை எடை போடும்போதும் இதே துள்ளல்தான். காலி வண்டி எடை குறைந்தால் சரக்குக்காரருக்கு லாபம் என்பதால் அதைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

வல்லம் பக்கத்துக்காரர் ஒருவர்தான் முதலில் பிடித்தார். "நான் நின்னுச்சின்னு சொன்னது இன்னா, நீ சீட்டுல போட்டது இன்னா?"

நான் திரையைக் காட்டினேன். விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை. அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மேசைக்கு அடியில், என் காலை ஒட்டி, ஒரு பெட்டியும் கம்பியும் சிவப்பு வெளிச்சமும்.

"அதான பாத்தேன். கால்ல இன்னாத்தயோ அமுக்கறான்யா."

அதற்கு மேல் ஊருக்கு என்ன வேண்டும்? எதிர் டீக்கடையில் எனக்கு ஊமையன் என்று ஏற்கெனவே பேர் உண்டு. இப்போது ஊமையன் காலால் எடை திருடுகிறான் என்று ஆயிற்று. வண்டிகள் எங்கள் மேடையைத் தாண்டி அடுத்த மேடைக்குப் போகத் தொடங்கின. நான் காலை மேலே தூக்கி நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தேன். வருகிறவர்கள் எடையைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து என் காலைப் பார்த்தார்கள்.

முதலாளி ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "உண்மைய சொல்லு. கால்ல இன்னா பண்ற?"

"ஒன்னும் பண்ணலைங்க. அந்தத் திரைதாங்க..."

"திரை இன்னா பண்ணும்? போன்ல நான் பாக்கறேன், ஜோரா இருக்குது. இன்னொரு சண்ட வந்துச்சின்னா நீ வரவேணாம். வேற ஆள் பாத்துக்கறேன்."

திருடன் என்று பெயர் வாங்கிக்கொண்டு போகிறவனை அந்தச் சாலையில் எந்த மேடைக்காரன் உட்கார வைப்பான்?

மறுவாரம் திரைக்காரர் வந்தார். இன்னொரு நிறம் மாற்றிப் போட வந்தாராம். நான் மூன்று தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்தத் துள்ளலை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

"அதுவாண்ணே? ஸ்பிரிங் எஃபெக்ட்டு. அதுதான இதுல இருக்கற அழகே. அத எடுத்தா டெட்டா இருக்கும்ணே. இயற்கையில எதுவுமே டக்குனு நிக்காது பாருங்க."

எடைமேடையில் ஏறிய வண்டி எப்படி நிற்கும் என்று ஜன்னல் வழியே ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அவர் வந்ததிலிருந்து ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய இயற்கை அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது.

அப்போது பிரம்மதேசத்துக்காரம்மா ஒருவர் மல்லாட்டை ஏற்றிய டிராக்டரோடு வந்து சேர்ந்தார். சொந்த நிலத்துச் சரக்கு. ஐம்பது வயது இருக்கும். புடவையை இழுத்துச் செருகியிருந்த விதத்திலேயே சண்டைக்குத் தயாராக வந்திருக்கிறார் என்று தெரிந்தது. அவர் ஜன்னலுக்கு வரவில்லை. நேராகக் கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டார்.

"எங்க, அந்தக் கால் பொட்டி?"

"இங்கல்லாம் வரக் கூடாதும்மா" என்றார் திரைக்காரர்.

"நீ யாரு தம்பி?"

"இந்த ஸ்கிரீன செஞ்சவன்."

"நல்லதாப் போச்சி. நீ மேல பாரு, நான் கீழ பாக்கறேன். யோவ், நீ கால எறக்காத."

சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் குந்திக்கொண்டார். நான் நாற்காலியில் சம்மணம் போட்டபடி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைமேல் வைத்துக்கொண்டேன். சத்தம் கேட்டு முதலாளியும் வந்து வாசலில் நின்றார். அந்தம்மா அடியிலிருந்தே டிரைவருக்குக் குரல் கொடுத்தார். "டேய், வண்டிய எறக்கி ஏத்துடா. ஜல்தி."

டிராக்டர் இறங்கித் திரும்ப ஏறியது. திரையில் எண் ஓடி வந்தது.

"ஐயாயிரத்து நானூத்திப் பத்து. நின்னுச்சி" என்றது மேசையடிக் குரல்.

"ஐயாயிரத்து நானூத்தி நாப்பது..." என்று தொடங்கிய திரைக்காரர் நிறுத்தி, "நானூத்திப் பத்து" என்றார்.

"இன்னொரு வாட்டி சொல்லு தம்பி. நாப்பதா, பத்தா?"

"பத்துதாம்மா. அந்த நாப்பது சும்மா அனிமேஷன்."

அந்தம்மா மெதுவாக வெளியே வந்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"எங்க ஊட்டு ஆட்டுக்குட்டி துள்ளுது, அதுக்குக் கொழுப்பு. எட எதுக்குத் தம்பி துள்ளுது?"

அந்தம்மா முதலாளி பக்கம் திரும்பினார்.

"கீழ இருக்கற பொட்டி அது பாட்டுக்கு ஒழுங்கா நிக்கிது. மேல இருக்கறதுதான் கூத்து கட்டுது. இந்தாளு பாவம், குரங்கு மாதிரி நாற்காலி மேல குந்திக்கினு கீறான். உனக்கு இது தெரியவே தெரியாதா?"

முதலாளி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பெட்டியைத் தூக்கி அவரே மேசைமேல் வைத்தார். அந்தம்மா ஜன்னலுக்கு வெளியே போய் நின்று, கையை ஊன்றிக்கொண்டு மறுபடி ஒரு தடவை பெட்டியைப் பார்த்து "நின்னுச்சி" என்றார். நான் அமுக்கினேன். அவருக்குக் குறைவாகவும் இல்லை, கூடவும் இல்லை.

என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வேலையை விட்டுப் போ என்று மட்டும் அதற்குப் பிறகு முதலாளி சொல்லவில்லை. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

திரைக்காரர் போகும்போது சமாதானமாகத்தான் போனார். "அடுத்த அப்டேட்ல அந்தப் பொட்டியையே ஸ்கிரீன்ல வரைஞ்சி குடுத்துடறேன்ணே. அதே செவப்பு நம்பர், அச்சு அசலா இருக்கும்." உண்மைப் பெட்டி பக்கத்திலேயே எரிந்துகொண்டிருக்க, அதன் படத்தை வரையப் போகிறாராம். அதற்கும் ஏதோ புது டூல் வந்திருக்கிறதாம். நான் தலையாட்டினேன். முதலாளி இன்னும் போனில் துள்ளுகிற எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார். பார்க்கிறவர்களும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் மல்லாட்டை விற்கிறவர்கள் இல்லை.

வண்டிகளில் பாதி திரும்பி வந்துவிட்டன. அந்தம்மா பிரம்மதேசம் பக்கத்தில் எனக்காக நாலு பேரிடம் பேசியிருக்கிறார் என்று கேள்வி. வல்லம் பக்கம் அப்படிப் பேச ஆள் இல்லை. அங்கிருந்து வருகிறவர்கள் மேசைமேல் இருக்கிற பெட்டியைப் பார்த்து எடையை ஒத்துக்கொள்கிறார்கள். சீட்டை வாங்கிக்கொள்கிறார்கள். போகும்போது மட்டும் கொஞ்சம் குனிந்து மேசைக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார்கள்.