மலையேறாத ஒரிஜினல் வீல்

என் தங்கையின் கணவருக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம் குறைவு, வீல் நம்பிக்கை ரொம்ப அதிகம். கார் வாங்கும்போது கம்பெனி போட்டுக்கொடுத்த வீல்களைக் கழற்றி வீசிவிட்டு, ஏதோ வெளிநாட்டு அலாய் வீல்களைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்து மாட்டியிருந்தார். ஒரிஜினல். அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்க வேண்டும். பெற்ற பிள்ளையின் பெயரைக்கூட யாரும் அவ்வளவு ஆசையாகச் சொல்ல மாட்டார்கள். சேந்தமங்கலத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையில் விற்கிற சார்ஜர், ஹெட்போன் எதுவும் ஒரிஜினல் கிடையாது. அது வியாபாரமாம், வேறு விஷயமாம்.

அந்த வீல்கள் வந்த நாள்முதல் அவர் நாங்கள் குடியிருக்கும் மலைக்குக் காரைக் கொண்டுவருவதில்லை. எழுபது வளைவு, பள்ளம், ஜல்லி, மழைக்குச் சரிந்து விழுந்த கல். "ரிம்மு ஒரு தடவ அடி வாங்குச்சுன்னா அவ்வளவுதானுங்க அண்ணி" என்பார் என்னிடம். இத்தனைக்கும் அவர் பிறந்தது இதே மலையில், தேவனூர் நாட்டில். அவருடைய அப்பா குச்சிக்கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்து நடந்த பாதைதான் இது. சேந்தமங்கலத்தில் மாடி வீடு கட்டிக் குடிபோன பிறகு அந்தக் குடும்பத்துக்கே மலை ரோடு ஆகாமல் போய்விட்டது. அம்மாவும் நாங்களும் இருக்கிற தாய்வீட்டுக்குத் தங்கை வருவதும் அதோடு நின்றுபோயிற்று. கேட்டால் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பாராம்.

என் வீட்டுக்காரர் கதை இன்னொரு ரகம். எங்கள் பழைய கார் இரும்பு வீலில் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சகலையின் வீலைப் பார்த்த அன்று இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவர், நாமக்கல்லுக்குப் போய் அதே டிசைனில், அதே முத்திரையோடு நான்கு வீல்களை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஒரிஜினலுங்களா?" என்று கேட்டேன்.

"ஃபர்ஸ்ட் காப்பி புள்ள. ஒரிஜினலே பக்கத்துல நிக்க முடியாதுன்னு கடக்காரரே சொல்லிப்போட்டாரு."

கடைக்காரர் வேறு என்ன சொல்வார்? தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனேன். இரும்பு வீல்கள் நான்கும் மிளகு காயப்போடும் தார்ப்பாய்க்கு மூலைக்கு ஒன்றாகப் பாரம் ஆயின. காற்றுக்குத் தார்ப்பாய் பறக்காமல் நன்றாகப் பிடித்துக்கொண்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தங்கைக்கு ஏழாம் மாதம் வந்தது. வளைகாப்பு முடிந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். வளையல் போட்டுக்கொள்வதைவிட, வந்து அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். "அக்கா, எப்படியாச்சும் என்னயக் கூட்டியாந்துரு" என்று போனில் ஒவ்வொரு முறையும் இதே பேச்சு. டாக்டரம்மாவும் மெதுவாகப் போனால் போகலாம் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு மட்டும் யோசனை. கடைசியில் அவரே ஒரு ஏற்பாடு சொன்னார். வீட்டிலிருந்து அடிவாரம்வரை தன் காரில் கொண்டுவந்து விடுவாராம், அங்கிருந்து நாங்கள் எங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டுமாம். சமதரையில் தெரு முழுக்கப் பார்க்க அவருடைய வீல். மேடு பள்ளமெல்லாம் எங்கள் வீல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

கிளம்புகிற அன்று காலையில் அம்மா ஒரு காரியம் செய்துவைத்தாள். மகளை அழைக்கப் போகிற வண்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று, புளியும் தேங்காய் நாரும் வைத்துக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் வீலைத் தேய்த்திருக்கிறாள். ஒரு வீல் முடிவதற்குள் வெள்ளிப் பூச்சு பெயர்ந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. "என்ன சாமி, கருத்துப்போச்சு? ஈயம் பூசுனதா?" என்று என் வீட்டுக்காரரிடமே கேட்டாள். மாமியாரைத் திட்டவும் முடியாமல், அழவும் முடியாமல் அவர் நின்ற நிலையை நான் இன்னும் மறக்கவில்லை. சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினேன்.

ஆரத்தி எடுத்து வரவேற்க அம்மா வீட்டிலேயே இருந்துகொண்டாள். சேந்தமங்கலத்தில் வளைகாப்பு நன்றாகவே நடந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு நாங்கள் முன்னால் போய் அடிவாரத்தில் காத்திருந்தோம். பெயர்ந்த வீல் அங்கிருந்த டீக்கடைச் சுவர்ப் பக்கம் இருக்கும்படி இவர் வண்டியை நான்கு முறை முன்னும் பின்னும் எடுத்து நிறுத்தினார். பின்னாலேயே மாப்பிள்ளையின் கார் வந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, தங்கை இரண்டு கையிலும் வளையலோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த சிரிப்புக்காக அந்தக் காத்திருப்பெல்லாம் தகும்.

மாப்பிள்ளை இறங்கி நேராக எங்கள் காரைச் சுற்றி வந்தார். வீல் விஷயத்தில் அவருக்கு மூக்கு வேர்த்துவிடும். சுவருக்கும் காருக்கும் நடுவில் உடம்பை ஒருக்களித்து நுழைந்து, குனிந்து பார்த்தார்.

"ஏனுங்ணா, இது காப்பிங்களா?"

இவர் திருதிருவென விழித்தார். "ஃபர்ஸ்ட் காப்பிங்க சகல."

"என்னுங்ணா இப்படிப் பண்ணிப்போட்டீங்க! வளைவுல பாரம் ஏறுனா சொல்லாமக் கொள்ளாம ஒடஞ்சிரும். உசுருக்கு உத்தரவாதமே இல்லீங்க. இதுல எம்பொண்டாட்டிய ஏத்தவே மாட்டேன்."

"சரிங்க, அப்ப உங்க கார்லயே கொண்டாந்து விட்டுருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே! அவருடைய சொத்தில் பாதியை எழுதித் தரச் சொல்லிக் கேட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அந்த ரோட்லயா? இது ஒரிஜினலுங்க அண்ணி" என்றார்.

ஆக, எங்கள் வீல் உடையும், அதனால் அவள் ஏறக் கூடாது. அவருடைய வீல் உடையாது, ஆனால் அது மலை ஏறக் கூடாது. நடுவில் ஏழு மாதக் கர்ப்பிணி. எந்த ஊர் நியாயம் இது?

என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காப்பி என்றாலும் கனம் குறையாது, வேண்டுமானால் கழற்றிப் பார்க்கலாம் என்றார். பார்த்துவிடலாம் என்றார் மாப்பிள்ளை. ஜாக்கி வைத்து எங்கள் வீலைக் கழற்றினார்கள். பின்பக்கத்தில் முத்திரை எங்கே, அச்சு எங்கே என்று இரண்டு பேரும் பட்டப்பகலில் செல்போன் டார்ச் அடித்துத் தேடினார்கள். டீக்கடையிலிருந்து நான்கு பேர் வந்துவிட்டார்கள். பைக்கில் சுற்றுலா வந்த பெங்களூர்க்காரர் ஒருவர் முழங்காலுக்குக் கவசமெல்லாம் போட்டுக்கொண்டு வந்து வீலை விரலால் சுண்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்றார். தேங்காயா அது? இன்னொருவர், அந்தக் காரின் ஒரிஜினலை இந்தக் காருக்கு மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னார். மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிப்போயிற்று. நல்லவேளை, அவருடைய வீலுக்கு போல்ட் மாட்ட ஐந்து ஓட்டை, எங்களுக்கு நான்கு. ஓட்டையை எண்ணி முடித்தபோது அவருக்கு வந்த மூச்சில் சந்தோஷம் அப்பட்டமாகத் தெரிந்தது.

இதற்குள் தங்கை காரை அணைத்துவிட்டு இறங்கி வந்து, இடுப்பில் கை வைத்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு உட்கார இடம் வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவராவது கேட்டார்களா என்றால், இல்லை. சேந்தமங்கலம் பக்கமிருந்து மலைக்குப் போகிற அரசு பஸ் வந்து நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"ஏனுங்க, நாங்க பஸ்ஸுல போறோம்" என்று இரண்டு பேருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"சித்த இருங்க அண்ணி, இங்க ஒரு நம்பர் இருக்குது" என்றார் மாப்பிள்ளை, திரும்பாமலே.

நாங்கள் ஏறிவிட்டோம். முன் சீட்டில் அன்னாசிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா வளையலைப் பார்த்ததும் எழுந்து, "இங்க வா கண்ணு" என்று இடம் கொடுத்தாள். டிரைவரும் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துக்கொண்டு, வழக்கமாகத் தூக்கிப்போடும் வளைவுகளையெல்லாம் மெதுவாகத் திருப்பினார். அந்த பஸ்ஸின் சக்கரம் ஒரிஜினலா என்று நான் பார்க்கவில்லை. தங்கை ஜன்னல் காற்றில் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவரு திரும்பியே பாக்கலீல்ல அக்கா" என்றாள். "வாய மூடிட்டுத் தூங்கு" என்று அதட்டிவிட்டேன்.

பாதி மலையில் டவர் கிடைத்ததும் அவளுடைய போன் அடித்தது. அவருடைய பதற்றம் எனக்கே கேட்டது.

"எங்க இருக்கற? கார் சாவி எங்க?"

"எம்பையிலதாங்க இருக்குது."

"அய்யய்யோ! வண்டியப் பூட்டாம விட்டுட்டு நான் எங்கயும் நகர முடியாதே! எதுத்தாப்ல எறங்கற பஸ்ஸுக்காரங்ககிட்டக் குடுத்து அனுப்பிரு."

இது எங்கள் மலையில் சாதாரணம்தான். மருந்துச் சீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகைவரை பஸ்ஸுக்குப் பஸ் கை மாறித்தான் போகும். அவள் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு வளைவு தாண்டி, இறங்குகிற பஸ் ஒன்று எங்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றது. அந்த டிரைவரின் ஜன்னல் கை நீட்டினால் எட்டும் தூரம். அவள் அவரைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள், திரும்பப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். எனக்கு அங்கேயே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்து, அம்மா ஆரத்தி எடுத்து, அவள் ரசம் ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டு, அம்மா மடியில் தலை வைத்துப் படுத்தாள். அப்போது வாசலில் கார் சத்தம். எங்கள் கார். காப்பி வீல், அம்மா தேய்த்துப் பெயர்த்தது உட்பட, நான்கும் இருந்தன. என் வீட்டுக்காரர் போரில் ஜெயித்த தோரணையில் இறங்கி, "பாத்தியா புள்ள, ஒண்ணாவது ஒடஞ்சுதா?" என்றார். போட்டு மொத்தலாமா என்று இருந்தது. மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு மாப்பிள்ளை இறங்கினார்.

"சாவியக் குடு. டீக்கடக்காரரப் பாத்துக்கச் சொல்லிட்டு வந்துருக்கேன்" என்றார் வந்ததும் வராததுமாக. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

தங்கை மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, அந்த வீலு ஒடஞ்சிரும், உசுருக்கு உத்தரவாதமில்லைன்னீங்களே. நீங்க எப்படி ஏறுனீங்க?"

"வேற என்ன பண்றது? கீழ வண்டி தனியா நிக்குதில்ல?"

அவள் பையிலிருந்து சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நானுந்தானுங்க அங்க நின்னேன்" என்றாள்.

அம்மா அவசரமாகக் காபி கொண்டுவந்து நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போய், எங்கள் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். காபியை நான் வாங்கிக் குடித்தேன்.