ஜீப் சீட்டுக்கு அடியில் இருந்த கடிதம்

எண்பதுகளில் மெட்ராஸில் சட்ட மேற்படிப்புக்கு நான் எடுத்துக்கொண்ட பாடம் சர்வதேச நடுவர் சட்டம். இரண்டு நாட்டுக் கம்பெனிகள் சண்டை போட்டால், கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரை வைத்துத் தீர்த்துக்கொள்வார்களே, அது. ஜவ்வாது மலைக்காரிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. கேட்கக் கேட்க எனக்கு வீம்புதான் ஏறியது. அப்பா மட்டும் ஒரு கெடு வைத்திருந்தார்: “இந்த வருசத்தோட சரி. அப்பறம் ஒரு நாள்கூட கெடையாது.”

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வரும்வரை வீட்டில் புளி உலுக்கிக்கொண்டிருந்தேன். கடிதம் வரவேயில்லை. பொறுமை போய், கீழே போளூர்த் தபாலாபீசில் விசாரிக்கலாம் என்று ஜீப்பில் ஏறினேன். ஓட்டுகிற அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதி மலையில் வண்டியை நிறுத்தி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். என் பெயருக்குக் கீழே அப்பா பெயர், அரக்குச் சீல். பிரித்தால், தேர்வு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

“இன்னாண்ணா இது! என் தலையில மண்ணப் போட்டுட்டியே!”

“கோவிச்சிக்காதம்மா. சீல் வெச்ச காயிதமா கீது, அப்பா பேரு வேற. பாரஸ்டுக்காரன் அப்பா மேல போட்ட கேசுன்னு நெனச்சிட்டேன். புளி உலுக்கி முடியட்டும், அப்பறம் குடுக்கலாம்னு வெச்சிகினேன்.”

மலைக்கு வரும் பதிவுத் தபாலையெல்லாம் அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிவருவார். நாங்களே செய்துகொண்ட ஏற்பாடு அது. மீதி மலை இறங்கும்வரை அவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

மெட்ராஸில் துறைத் தலைவர் தபால் ரசீதை மேசைமேல் வைத்தார்.

“கையெழுத்து இருக்கேம்மா. அடுத்த வருஷம் வா.”

“அது என் கையெழுத்து இல்ல சார்.”

“போட்டவர் உங்க வீட்டுக்கு வழக்கமா தபால் வாங்குற ஆளா?”

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. “ஆமா சார்” என்றேன்.

அவர் என் ஆய்வேட்டையே எடுத்து மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்தார். ஒருவருக்காக வழக்கமாகத் தபால் பெறுகிறவர் கையில் கொடுத்தால், அவருக்கே அறிவிப்புக் கொடுத்ததாக ஆகும் என்று அடித்துப் பேசி எழுதியிருந்தேன். “நீ எழுதினதுதானே?” என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் எழுந்து போக மனம் வரவில்லை.

“சார், நடுவர் தீர்ப்புக்கான நியூயார்க் உடன்படிக்கையில, அறிவிப்பைப் பத்தின அதே பிரிவுக்கு இன்னொரு பாதி இருக்கு. அறிவிப்பு ஒழுங்கா போயிருந்தாலும், வேற காரணத்தால தன் தரப்பைச் சொல்ல முடியாமப் போனவங்களுக்கு எதிரான தீர்ப்பை ஏத்துக்க மறுக்கலாம்.”

“உனக்கு என்ன காரணம்?”

“எங்க மலைக்கு ஏறி வந்த சீல் வெச்ச காயிதம் ஒவ்வொண்ணும் கேசு, ஜெயில்னு ஒரு ஆளைக் கீழ இறக்கிக் கொண்டுபோயிருக்கு சார். அதப் பார்த்தா, பாசம் இருக்கிறவன் ஒளிச்சுதான் வெப்பான். கையெழுத்துப் போட்டு வாங்கி ஒளிச்சு வெச்ச அந்த ஜீப் அண்ணன் மேல தப்பு இல்ல.”

சொன்ன பிறகுதான், அது உண்மை என்று எனக்கே உறைத்தது. மலையிறங்கும்போது பேசாமல் வந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

“இது உன் ஆய்வேட்டுல எங்க இருக்கு?” என்றார்.

“இல்ல சார்.” அந்த இன்னொரு பாதிக்கு நான் ஒரே ஒரு பக்கம்தான் ஒதுக்கியிருந்தேன்.

“பத்து நாள் தர்றேன். எழுதிட்டு வா. அன்னைக்கே வாய்மொழி.”

எட்டாம் நாளே போய் நின்றேன்.

அடுத்த சீல் வைத்த கவர் வந்தபோது அண்ணன் ஜீப்பை எங்கள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். என் கையில் கொடுத்துவிட்டு நகரவில்லை. நான் பிரித்துப் படித்து முடிக்கும்வரை, பக்கத்தில் நின்ற அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேசு இல்லியேம்மா?”

“இல்லண்ணா. பாசு.”

அப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்தது.