ஸுல்பிகாவின் எச்சரிக்கைப் பெட்டி

மூதூர்ப் பக்கம் சண்டை மூண்டு சனம் முகாம்களில் கிடந்த காலம். உப்புவெளி நிவாரண அலுவலகத்தில் கொம்பியூட்டர் என்றால் பத்மாசனிதான். அரிசி அட்டைப் பதிவுகள் முழுவதையும் அதற்குள் ஏற்றியவள் அவள். பாலையூற்றிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கினால் காவலாளிகூட எழும்பி நிற்பார். அந்தப் பெருமையில் மண் அள்ளிப் போட வந்தவள்தான் புதிதாகச் சேர்ந்த ஸுல்பிகா.

பத்மாசனியின் புரோகிராமில் எதைத் தட்டினாலும் திரையில் 'நிச்சயமா?' என்றொரு பெட்டி வரும். அச்சடிக்கவும் நிச்சயமா, அழிக்கவும் நிச்சயமா. ஆமிக்காரர் மறிக்கும் சென்றியில் புரியாத பாஷையில் கேட்டதற்கெல்லாம் ஓம் போட்டுப் பழகிய ஊழியர்கள், இதற்கும் வாசிக்காமலே ஓம் போட்டார்கள். போன மாதம் ஒரு முகாமின் பதிவே அப்படிப் பறந்துபோனது.

பதிவை அழிக்கிற இடத்துக்கு மட்டும் ஸுல்பிகா வேறொரு பெட்டி செய்தாள். பொறுப்பதிகாரி குணரத்தினம் பூரித்துப்போனார். பத்மாசனிக்கு வயிறு பற்றி எரிந்தது.

"நீங்கள்தான் மூத்த ஆள், பத்மாசனி. சோதிச்சுப் பாருங்கோ. சரியெண்டால் உங்கட பெட்டியை எடுத்துப்போட்டு இதைப் போடுவம்."

"ஓம் சேர்."

எல்லோரும் சாப்பிடப் போனதும் அவள் கொம்பியூட்டரின் முன்னால் இருந்தாள். வாசிக்காமல் தட்டி ஒரு முகாமை அழித்துவிட்டு, இந்தப் பெட்டியும் யாரையும் மறிக்காது என்று காட்டிவிடலாம். பிறகு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றுவது ஸுல்பிகாவின் தலையெழுத்து. கிளிவெட்டி முகாமைத் தெரிவுசெய்து, அழி என்று கொடுத்தாள்.

'கிளிவெட்டி முகாமின் 214 குடும்பங்களின் அட்டைகள் அழியும். திரும்ப எடுக்க ஏலாது. வெள்ளிக்கிழமை இவர்களுக்கு அரிசி கிடைக்காது. அழிக்கத்தான் வேண்டுமென்றால் முகாமின் பெயரை எழுதவும்.'

ஓம் போட அதில் இடமே இல்லை. எரிச்சலோடு பெயரை எழுதத் தொடங்கினாள். பாதியில் விரல் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை பையோடு வந்து நிற்கப்போவது ஸுல்பிகா அல்ல, கிளிவெட்டிச் சனம். எழுதியதை அழித்தாள். பாழாய்ப்போனவள், எவ்வளவு சரியாக எழுதித் தொலைத்திருக்கிறாள்!

குணரத்தினம் திரும்பி வந்தார். பின்னால் ஸுல்பிகா நகத்தைக் கடித்தபடி நின்றாள்.

"பிழை ஏதும் இருந்தா சொல்லுங்க அக்கா, திருத்துறன்."

"எப்பிடி, ஆளை மறிக்குதோ?" என்றார் அவர்.

ஒரு பொய் போதும், தன் பெட்டி தப்பிவிடும்.

"மறிக்குது சேர்," என்றாள் பத்மாசனி. "என்னையே மறிச்சுப்போட்டுது."

பகிடி என்று நினைத்து அவர் சிரித்தார். பத்மாசனி கதிரையை இழுத்துப்போட்டு, தன் பெட்டியைத் தன் கையாலேயே எடுக்கத் தொடங்கினாள். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.