மின்தடை நாளில் ஒரு பிரிண்ட்

எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் வரத் தாமதமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவளைத்தான் கீரனூரில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு சின்ன அலுவலகத்தில் நாளெல்லாம் உட்கார வைத்திருந்தார்கள். படித்த படிப்பில் கம்ப்யூட்டர் என்ற சொல் இருந்த பாவத்துக்கு, பிரிண்டர், மோடம், முதலாளியின் செல்போன் எல்லாமே என் தலையில்.

அன்று மாதாந்திர மின்தடை. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஜெராக்ஸ் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். இன்வர்ட்டர் இருந்தது எங்களிடம் மட்டும்தான்.

நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். சாயங்காலம் திருச்சியில் விமானம், துபாயில் வேலை. ஒப்பந்தம், விசா, டிக்கெட் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, எங்கள் சீலைக் குத்தி, அவர் கையில் கொடுத்து வேனில் ஏற்ற வேண்டும். சீல் இல்லாமல் யாரையும் அனுப்பக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். இந்த விமானத்தை விட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். வாசலில் வேன்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் இணைப்பில் இல்லை என்றது கம்ப்யூட்டர். அது என் கண்முன்னால் பச்சை விளக்கு எரிய ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அணைத்துப் போட்டேன். மறுபடி பிரிண்ட் கொடுத்தேன். கோபத்தில் இன்னும் சில தடவை கொடுத்தேன். ஒயர் இல்லாமல் மோடம் வழியாக ஓடும் பிரிண்டர் அது. கம்ப்யூட்டரில் நேரடியாக மாட்டலாம் என்றால் அந்த ஒயர் முதலாளி வீட்டில் இருக்கிறது. முதலாளியோ மதுரையில் ஒரு கல்யாணத்தில். அங்கிருந்து போன் செய்தார்.

"என்னம்மா, கேமராவுல பாக்குறேன், சும்மா உக்காந்திருக்க?"

நான் வேலை செய்கிறேனா என்று பார்க்கத்தான் போன வாரம் அந்தக் கேமராவை மாட்டியிருந்தார். நிமிர்ந்து அதை ஒரு முறை முறைத்தேன்.

அந்தம்மா ஓர் இடத்தில் நிற்கவில்லை. வாசலுக்குப் போவார், வேன்காரரிடம் கெஞ்சுவார், திரும்பி வந்து, "ஏம்மா, வந்துருச்சா?" என்பார். என் பதட்டத்துக்குச் சரியான ஜோடி. கணவர் மட்டும் நேரம் ஆக ஆகத் தெளிந்துகொண்டே வந்தார். வந்தபோது சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தவர், இப்போது சாய்ந்து உட்கார்ந்து டீ சொல்லட்டுமா என்று என்னைக் கேட்டார்.

"வரலைன்னா விடுங்க மேடம். பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள போயி நானே பிள்ளையக் கூட்டியாந்துருவேன். இன்னைக்குப் போறேன்னு அதுக்கிட்ட சொல்லலை."

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க," என்றார் மனைவி.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட முடியுமா? 'இருக்கிறாயா?' என்று ஒரு நம்பரைக் கேட்டுக்கொண்டே இருக்கும் கட்டளை ஒன்று கம்ப்யூட்டரில் உண்டு. மோடம் பிரிண்டருக்குக் கொடுத்திருந்த நம்பருக்கு அதைப் போட்டேன். 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று வரிவரியாகப் பதில் ஓடியது. இருக்கிறாய் சரி, பேப்பரைத் துப்பேன் என்று வாய்விட்டே திட்டினேன்.

அப்போது பச்சை விளக்கு பட்டென்று அணைந்தது. திரும்பினால், கணவர் பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் செல்போன் சார்ஜரைச் சொருகிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே! என்னண்ணே பண்றீங்க?" என்று கத்தினேன்.

"அதான் வேலை செய்யலையே மேடம். இந்தப் பிளக்குலதான் கரண்ட் வருது."

வசைபாட வாயைத் திறந்தபடியே திரையைப் பார்த்தேன். 'இருக்கிறேன், இருக்கிறேன்.' பதில் நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிரிண்டர் எப்படிப் பதில் சொல்லும்? இவ்வளவு நேரமும் நான் யாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்?

அந்த நம்பரை பிரவுசரில் தட்டினேன். கேமராப் பெட்டியின் பக்கம் திறந்தது. காலையில் கரண்ட் போனபோது மோடம் ஒரு தரம் அணைந்து எழுந்திருக்கிறது. எழுந்ததும் எல்லோருக்கும் புதிதாக நம்பர் கொடுத்து, பிரிண்டருடையதைக் கேமராவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. என்னை வேவு பார்க்க வந்த பெட்டிதான் என் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அவருடைய சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பிரிண்டரை மாட்டினேன். அதன் பட்டனை அழுத்திப் பிடித்தால் தன் புது நம்பரைத் தானே அடித்துக் கொடுக்கும். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் நம்பரை மாற்றினேன். கடகடவென்று ஓட ஆரம்பித்தது. கோபத்தில் கொடுத்த பிரிண்ட் எல்லாம் சேர்ந்து, ஒரே ஒப்பந்தம் மறுபடி மறுபடி வந்து விழுந்தது. ஜெயித்த குஷியில் நான் கையையே தட்டிவிட்டேன்.

அவர் தட்டவில்லை. எழுந்து வந்து ஒரு தாளை எடுத்து வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எழுத்து கொஞ்சம் மங்கலா இருக்கோ மேடம்? இத வச்சுக்கிட்டுப் போனா அங்கிட்டு திருப்பி அனுப்பிருவாங்களோ?"

எழுத்து மைபோல் கறுப்பாக இருந்தது. சீலைக் கையில் எடுத்துவிட்டேன், குத்த மனம் வரவில்லை. அதுவரை பறந்துகொண்டிருந்த நான் அப்படியே நின்றேன்.

அந்தம்மா வந்து அவர் கையிலிருந்து தாளை வாங்கி என் மேசையில் வைத்தார்.

"நல்லாத் தெளிவாத்தான் இருக்கு. நீ சீலக் குத்தும்மா," என்றார்.

தாளை அந்தம்மா பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும், கண் நிறைந்து கிடந்த அந்த நிலையில் ஓர் எழுத்துகூடத் தெரிந்திருக்காது.