யாரும் தொடக்கூடாத கார்

ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறையை வலது கையில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, காரின் கதவைத் தடவிக்கொண்டிருக்கிறார் ரெய்னோ கெம்ப்பைனன். வெறும் விரலுக்குத் தெரியாத மணலும் துருத் துகளும் உறைக்குள் இருக்கிற விரலுக்கு நறநறவென்று அகப்பட்டுவிடும். அகப்பட்ட இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, கார் துடைப்பதற்கென்றே கடையில் விற்கிற களிமண் கட்டியால் பதமாகத் தேய்ப்பார். மறுபடி உறை, மறுபடி தடவல். தெருவில் போகிறவர்களுக்கு, மாட்டு வைத்தியர் சினை பார்ப்பது போலத்தான் தோன்றும்.

"தோணட்டுமே. எனக்கே அப்படித்தான் இருக்கு. கன்னுக்குட்டி போட்டா சொல்லி அனுப்புறேன்" என்பார்.

மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், பெரிய ஏரியை ஒட்டிய ஊர். அக்டோபரில் மற்ற ஆண்கள் மான் வேட்டைக்குத் துப்பாக்கியைத் துடைப்பார்கள். ரெய்னோ காரைத் துடைப்பார். சாலைப் பனி உருக உப்புத் தூவிப்போகும் லாரி தெருவுக்கு வருவதற்குள் கழுவி, தேய்த்து, மெழுகு பூசி முடித்துவிட வேண்டும். அது வந்துவிட்டால் வசந்தம் வரைக்கும் சாலையெல்லாம் உப்புச் சேறுதான். "இந்த ஊரே ஒரு ஊறுகா ஜாடி. உள்ள கெடந்து ஊறுறோம்" என்று அலுத்துக்கொள்வார்.

பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்க்கிற அவருக்குச் சொந்தமாக ஒரு பழைய டிரக் உண்டு. அது அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டையாகி, பலகை போட்டு மூடிக் கிடக்கிறது. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்ற மாட்டார். இத்தனை சீராட்டும் மனைவி டார்லீனின் கருஞ்சிவப்புக் காருக்குத்தான். மெழுகு பூசியபின் யாரும் அதைத் தொடக்கூடாது. டார்லீனின் தம்பி கஸ் மறந்துபோய்ச் சாய்ந்துவிட்டால் போச்சு.

"எடு கைய! அது என்ன உன் வீட்டுச் சுவரா?"

"கதவத் தொடாம எங்க அக்கா எப்படி மச்சான் உள்ள போவா?"

"அவ பறந்து போவா. நீ எட்டி நில்லு."

சென்ற ஆண்டு இந்தச் சிரத்தையே அவர் மானத்தை வாங்கியது. கடும் குளிரில் பூசக்கூடாது என்று மெழுகு டப்பாவிலேயே எழுதியிருந்தது. குளிரோ முந்திக்கொண்டது, மெழுகு கொழுப்புக் கட்டியாக இறுகிவிட்டது. அன்று சனிக்கிழமை, வீட்டில் சானா என்கிற நீராவிக் குளியல் அறை சூடேறிக்கொண்டிருந்தது. டப்பாவைக் கொண்டுபோய் அங்கே உட்காருகிற மேல்பலகையில் வைத்தார். வைத்ததை மறந்தும் போனார். டப்பா சாய்ந்து மெழுகு உருகிப் பலகையெங்கும் பரவியது. வழக்கம்போல முதல் ஆளாக நீராவிக் குளியலுக்கு வந்த கஸ், துணியில்லாமல் அதில் உட்கார்ந்து, வழுக்கிக்கொண்டு கீழ்ப்பலகையில் வந்து விழுந்தான்.

இந்தக் கதையை ஊர் முழுக்கப் பரப்பியவர் ரெய்னோதான். "காரவிட இவன் பின்பக்கம்தான் பளபளன்னு இருந்துச்சு. ஒரு வருஷமாச்சு, இன்னும் துருப்பிடிக்கல பாரு!"

டார்லீன் படுக்கையில் கிடக்கும் முதியவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து வருபவள். எல்லாம் மலைப்பாதை. சில குளிர்காலங்களுக்கு முன், அவளுடைய பழைய காரின் பிரேக் குழாயை உப்பு அரித்துத் தின்றுவிட்டது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் இறங்கி, பனி தள்ளும் வண்டிக்காரர் பார்க்கும்வரை உள்ளேயே விறைத்துக் கிடந்தாள். அன்று பிடித்த பயம் ரெய்னோவை இன்னும் விடவில்லை.

"போனது அடியில. நான் மெழுகு தேய்க்கிறது மேல. தும்ப விட்டு வாலப் புடிக்கிற கதைதான், எனக்குத் தெரியாதா? அடியில துருப்பிடிக்காம எண்ணெய் அடிக்கிறதுக்குப் பட்டறைக்காரன் இருக்கான். என் கைக்கு எட்டுறது இவ்வளவுதான். சும்மா உக்கார முடியல."

இந்த ஆண்டு எல்லாம் காலாகாலத்தில் முடிந்தது. தண்ணீர் விட்டால் முத்து முத்தாக உருண்டது. அக்கம்பக்கத்தாரை அழைத்து அதையும் காட்டினார். அந்த வாரமே ஏரியிலிருந்து பனிப்புயல் வந்தது. டார்லீன் மலைக்கு அந்தப்புறம் போயிருந்தாள். இருட்டத் தொடங்கியும் திரும்பவில்லை, போன் போகவில்லை. ரெய்னோ கராஜ் வாசலில் துணியும் கையுமாக நின்றார்.

"மலை ரோட்ட மூடப்போறாங்களாம், மச்சான்" என்று வந்து சொன்னான் கஸ்.

"என் மெழுகு போகுதேன்னுதான் கவல எனக்கு" என்றார். கஸ் சிரிக்கவில்லை. அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

வெகுநேரம் கழித்துத் திருப்பத்தில் விளக்கு தெரிந்தது. கராஜுக்குள் வந்து நின்ற கார் என்ன நிறம் என்றே தெரியவில்லை. தலை முதல் கால் வரை உப்பு அப்பியிருந்தது. கதவின் நீளத்துக்கு ஒரு கீறல்.

"ரோட்டுல மரம் சாஞ்சு கெடந்துது, ரெய்னோ. ஒதுங்கி வர்றப்ப கிளை கிழிச்சிருச்சு. திட்டாத" என்றபடி இறங்கினாள் டார்லீன்.

ரெய்னோ கதவைப் பார்க்கவில்லை. துணியைக் கீழே போட்டார். கையுறைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் உப்புச் சேற்றோடு பானெட்டின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். அது இன்னும் சூடாக இருந்தது.